முதலையின் பெண்டாட்டி

எழுபத்திரண்டு மணி நேரம் அதை அசைக்கக் கூடாது என்றாள் என் நாத்தனார்.

அவள் செய்கிற நகையில் ஊற்றும் ரெசின் என்கிற பிசின் இறுக அவ்வளவு நேரம் ஆகுமாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊற்றினாள். விரல் விட்டு எண்ணினேன். வியாழன் காலை பத்து.

வியாழன் காலை எட்டரைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் சோதனை.

முதல் முறை காய்ச்சல் என்றாள். இரண்டாம் முறை கண்காட்சி. இப்போது ரெசின்.

பக்கத்தில் ஆள் இருந்து குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

அவள் குளிக்கப் போனபோது ரெசின் டப்பாவை எடுத்துப் படித்தேன். இருபத்துநாலு மணி நேரம் என்று போட்டிருந்தது. தூசு படாமல் மூடி வைத்தால் போதுமாம்.

டப்பாவை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமே திருப்பி வைத்தேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்ப் பதினோரு மாதம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என் இரத்தம் அவருக்குச் சேரவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை. மாமியார் உயிரோடு இல்லை. சிறுநீரகம் கொடுக்க மிச்சம் இந்தத் தங்கை ஒருத்திதான்.

சோதனைக்கு வருகிறாயா என்று டாக்டர் கேட்டபோது தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"சின்னப் பொண்ணு. கட்டாயப்படுத்தாதே" என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

அதனால் நான் வாயால் எதுவும் கேட்கவில்லை. கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

காலையில் இரண்டு பாட்டில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்துக்கொள்வாள். மாலைக்குள் இரண்டும் காலி. குனிந்தே வேலை செய்து முதுகு ஒடிந்தாலும் வலி மாத்திரையைத் தொடமாட்டாள். தட்டில் உப்பு கூடினால் ஒதுக்கிவிடுவாள்.

தன் உடம்பைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறாள். அதில் ஒரு துண்டைக் கேட்டால்தான் ஓடி ஒளிகிறாள்.

குழந்தைக் கதைகளை வைத்து ஆறு நகை செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆர்டர். முயலும் ஆமையும் முடிந்தது. சிங்கமும் எலியும் முடிந்தது. உலகத்தில் எத்தனையோ கதை இருக்கிறது. கடைசிக்கு அவள் எடுத்தது குரங்கும் முதலையும்.

புதன் மாலை ஐந்து மணி. இன்னும் பதினேழு மணி நேரம்.

காபி கொடுக்கிற சாக்கில் அவள் அறைக்குள் போனேன்.

அறை முழுக்கக் குப்பை. மேசையில் மட்டும் சுத்தம். செம்புக் கம்பியை முறுக்கி ஒரு மரம். என் பழைய பச்சைச் சட்டையை வெட்டிப் பசை தடவிய இலைகள். கொத்துக் கொத்தாக ஊதா மணி. கீழே நீல ரெசினில் ஆறு. ஆற்றில் பாதி முழுகிய களிமண் முதலை. அதன் பல்வரிசை ஒரு கிழிந்த பையின் ஜிப்.

முதலை முதுகில் பொத்தான் முகத்தோடு குரங்கு.

குரங்கின் இதயம் குரங்கிடம் இல்லை. சிவப்பு நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்து, மரத்தின் உச்சிக் கிளையில் தொங்கவிட்டிருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"குரங்கு இருக்கு, முதலை இருக்கு. இதயம் வேணும்னு அடம்பிடிச்ச முதலையோட பெண்டாட்டி எங்க?" என்றேன்.

"அவளைத் தனியா செய்யல அண்ணி. இதைக் கழுத்துல மாட்டிக்கறவங்கதான் அவ."

எனக்குச் சுருக்கென்றது.

"யாரைச் சொல்றே?"

"யாரையும் இல்ல அண்ணி. கண்ணாடி முன்னாடி நின்னா அவங்களுக்கே சிரிப்பு வரணும்னு..."

"சிரிப்பா? உள்ள உன் அண்ணன் ஊசி குத்திக் குத்திக் கை கறுத்துக் கிடக்கார். உனக்குச் சிரிப்பு கேக்குதா?"

காபி என் விரலில் சிந்தியது. துடைக்கவில்லை.

"இதயத்தை மரத்துலயே மாட்டிட்டு வந்துட்டேன்னு சொன்னா அந்த மக்கு முதலை நம்பும். நான் நம்ப மாட்டேன். டப்பாவுல இருபத்துநாலு மணி நேரம்னு போட்டிருக்கு. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு ஏழரைக்கு நீ கிளம்பறே."

அவள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, மெதுவாக.

திருட்டில் பிடிபட்டவள் மாதிரி இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். களைத்துப்போனவள் மாதிரி இருந்தாள்.

"நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல அண்ணி."

"எதை?"

"காலேஜ் படிக்கறப்ப வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தாங்க. அம்மா மட்டும்தான் கூட வந்தாங்க. வெளிய தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்னு சொல்லி, அண்ணன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

பக்கத்து அறையில் அவர் கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைப் பார்த்தாள். எப்போதும் முணுமுணுக்கிறவள், இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"எனக்குப் பிறக்கும்போதே ஒரு கிட்னிதான் அண்ணி."