வீட்டில் ஆகாத வேலை

“கிண்ணம், பிரஷ் எல்லாம் எடுத்து வச்சிட்டேன். சட்டையைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க” என்றாள் மர்சலின்.

ராஜநாயகம் சட்டையைக் கழற்றவில்லை. இஸ்திரி போட்ட வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இல்ல மர்சி. இந்த வாட்டி தி.நகர்ல ஒரு சலூனுக்குப் போறேன். பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“டை அடிக்கவா?”

“ம்... தலைக்குக் கலர் பண்ணத்தான்.”

மர்சலின் கையிலிருந்த பழைய துண்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். சாந்தோமில் குடித்தனம் தொடங்கிய இந்த முப்பது வருடத்தில் மனிதர் கச்சேரி ரோடு முடி வெட்டும் கடையைத் தாண்டி வேறெங்கும் தலையைக் கொடுத்ததில்லை. மாதம் ஒருமுறை டை பூசிவிடுவது அவள்தான். முன்பெல்லாம் ஒரு பாக்கெட்டை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கு என்று சொன்னால் பொய். முக்கால் பாக்கெட் அவள் தலைக்கே போகும். அவருக்குக் காதோரம் நரைத்திருப்பது பத்து முடி.

இரண்டு வருடத்துக்கு முன் தவக்காலத்தில் அந்த டை ஒத்துக்கொள்ளாமல் மர்சலினுக்கு முகமே வீங்கிவிட்டது. வீட்டு டையோ சலூன் டையோ, இனி எதுவும் தலையில் படக்கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். பாதி கறுப்பு, பாதி வெளுப்பாக நிற்கச் சகிக்காமல் தோள்வரை வெட்டியும் கொண்டாள். இப்போது தலை மொத்தமும் வெள்ளை.

“பத்து முடிக்கு சலூனா? நான் பூசினா ஒட்டாதா?”

“அதுக்கில்ல. இது வீட்ல ஆகாத வேலை. அஞ்சு மணி நேரம் பிடிக்குமாம்.”

“அஞ்சு மணி நேரமா? கல்யாணப் பொண்ணுக்கே ரெண்டு மணி நேரந்தான்.”

“நாளைக்கு போட்டோ எடுப்பாங்க மர்சி. நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும்ல” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

நாளை அவர்களுடைய முப்பதாவது திருமண நாள். காலைப் பூசை முடிந்ததும் இருவரும் பீடத்தின் முன்னால் நின்று மறுபடியும் வாக்குறுதி கொடுக்க வேண்டும். ஃபாதர் மோதிரங்களை மந்திரித்துத் தருவார். கோயிலுக்கு வரும் பங்குச் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

“டாடிக்கு ஹீரோ ஆகணும்னு ஆசை வந்துடுச்சு மம்மி” என்று மகள் கரோல் சோபாவில் கிடந்தபடி சிரித்தாள்.

“நீ சிரிக்காத. போன வாரம் புடவை எடுக்கப் போனோமே, அங்க என்ன நடந்துச்சு தெரியுமா?”

“என்ன?”

“கடைக்காரப் பையன் உங்கப்பாவைப் பாத்து, ‘சார், உங்க அம்மாவுக்கு சின்ன பார்டரா எடுங்க, வயசானவங்களுக்கு அதான் எடுப்பா இருக்கும்’னு சொல்றான்.”

கரோல் எழுந்து உட்கார்ந்தாள்.

“டாடி என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. பெரிய பார்டரா ஒண்ணை எடுத்து பில் போடச் சொன்னார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அவருக்கும் கூச்சமாத்தான இருந்திருக்கும்.” மர்சலின் கையிலிருந்த துண்டை உதறி மடித்தாள். “என்னைவிட ஒரு வயசுதான் சின்னவர். நாளைக்கு இன்னும் பத்து வயசைக் கொறச்சுக்கிட்டு வந்து நிப்பார். பக்கத்துல நான். மோதிரம் போடறது பொண்டாட்டிக்கா, அம்மாவுக்கான்னு சனம் கேக்கும்.”

“மம்மி, இதை டாடிகிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு சொல்ல? எனக்குத் தலைவலின்னு சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போயிட்டு வாங்க.”

“நல்லா இருக்கே. மாப்பிள்ளை மட்டும் தனியா நின்னு வாக்குக் கொடுப்பாரா?”

“கொடுக்கட்டும். புதுத் தலைக்குப் புதுப் பொண்ணு கெடைக்காமலா போவா?”

சொல்லிவிட்டாளே தவிர, கட்டிலில் விரித்து வைத்திருந்த பட்டுப்புடவையைப் பீரோவில் திருப்பி வைக்கும்போது அழுதுவிட்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு குழம்புக்குப் புளி கரைத்தாள். மனுஷர் மேல் கோபம் என்பதற்காக, பட்டினப்பாக்கத்தில் காலையிலேயே போய் வாங்கிய வஞ்சிரத்தை என்ன செய்வது?

நாலு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மர்சலின் திரும்பிப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மர்சி” என்று சமையலறை வாசலில் குரல் கேட்டது.

“சாப்பாடு மேஜை மேல இருக்கு. நாளைக்கு நான் பூசைக்கு வரல. எனக்குத் தலைவலி.”

“தலைவலி நாளைக்கு வரும்னு இன்னைக்கே எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“ஒரு நிமிஷம் திரும்பிப் பாரேன்.”

வேண்டாவெறுப்பாகத் திரும்பினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

“கழட்டுங்க. அஞ்சு மணி நேர அழகைப் பாத்துத் தொலைக்கிறேன்.”

ராஜநாயகம் ஹெல்மெட்டைக் கழற்றினார். காதோரத்திலிருந்து உச்சிவரை ஒரு கறுப்பு முடிகூட இல்லை. மர்சலினின் தலையைப் போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இப்ப எவனாவது உன்னை என் அம்மான்னு சொல்லட்டும், பாக்கலாம்” என்றார்.