ஆயிரமாவது மேற்கோள்

ஆய்வக வாசலில் நின்று டாக்டர் பால்டோவினோஸ் மூன்று வகைப் பாலில் ஊறிய கேக்கை வெட்டுகிறார். அவர் கண்டுபிடித்த வேதிவினையை ஆயிரம் பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிவிட்டார்களாம். உள்ளே அவருடைய ஆய்வு மாணவி சித்லாலியின் குடுவையில் அதே வினை மறுபடியும் தாராகக் கறுத்துக் கிடக்கிறது. அசிட்டோன் ஊற்றிச் சுரண்டியும் வரமாட்டேன் என்கிறது. மூன்று வருஷமாக அவளுடைய முனைவர் பட்டம் இந்தத் தாரில்தான் ஒட்டிக்கிடக்கிறது. "அந்த ஆயிரத்துல எவனாவது செஞ்சு பாத்திருப்பானாடி?" என்று காதோரம் சிரிக்கிறாள் தோழி எரெந்திரா. ஊருக்குப் பக்கத்து எரிமலையின் சாம்பல் படிந்த சன்னலில் வெயில் அழுக்காக இறங்குகிறது. சித்லாலி கையுறையைக் கழற்றாமலே வாசலுக்கு வருகிறாள். "டாக்டர், உங்க வினை நடக்கலைன்னு எழுதி நேத்து ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்." கத்தி கேக்கிலேயே நிற்கிறது. யாரோ கரண்டியைக் கீழே போடுகிறார்கள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய துண்டை ஒரு தட்டில் வைத்து அவள் கையில் கொடுக்கிறார். "திட்டுறதுக்கும் என் கட்டுரையைத்தானே மேற்கோள் காட்டணும், மகளே? அப்ப ஆயிரத்தொண்ணு." எல்லோரும் சிரிக்கிறார்கள். கத்தியைத் துடைத்துக்கொண்டே, குரல் மாறாமல் சொல்கிறார்: "உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் வேற ஆளைப் பாத்துக்கோ." சிரிப்பு அடங்குகிறது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு முன்னே போய், எரெந்திரா டாக்டரிடம் தன் தட்டை நீட்டுகிறாள்.