ஆபிரிக்கத் தவளையின் சாட்சி

"தவள முட்ட போட்டிருக்கு. தொரசாணி உண்டாகியிருக்காங்க எண்டு போய் தொரக்கிட்ட சொல்லு!" என்றார் கண்டி டாக்டரின் கம்பவுண்டர் மஹ்ரூப்.

தோட்டத்துத் தபால்காரர் சடையன் சிரிக்கவில்லை. கண்ணாடித் தொட்டியைச் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார். துரையின் மனைவி கர்ப்பமா என்று பார்க்க, நேற்றுக் கலஹாத் தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த சிறுநீரைத்தான் மஹ்ரூப் அந்த ஆபிரிக்கத் தவளைக்கு ஊசியில் ஏற்றியிருந்தார்.

"தவள தப்பா சொல்லாதுங்களா?"

"கர்ப்பம் இல்லாட்டி முட்ட போடாது. நாப்பது பேருக்குப் பாத்திருக்கன், ஒண்டும் பிழையாப் போகல்ல."

"தண்ணி மாத்துனதுல சும்மா போட்டிருக்கலாமுங்களே?"

மஹ்ரூப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தொரசாணிக்குப் புள்ள எண்டா ஒனக்கென்ன கவல? போத்தல்ல எதையும் கலந்தியா?"

"சத்தியமா ஒண்ணும் கலக்கலைங்க."

அது உண்மைதான். நேற்றுக் காலையில் தேத்தண்ணி குடிக்கத் தொழிலாளர் லயத்திலிருந்த தன் வீட்டுக்குள் நுழைந்தபோது போத்தல் சாய்ந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில், அதே போத்தலைக் கழுவி, வீட்டிலிருந்த மகளிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னார். கல்யாணமாகாத பிள்ளை, தவளை பேசாமல் இருந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தார்.

துரைக்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

"ஐயா, ஆம்பள யாருன்னும் தவள சொல்லுமாங்க?"