வாட்ச் சொன்ன பொய்

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும், பெங்களூரிலிருக்கும் மகள் மேகனா ஸ்மார்ட் வாட்ச் ஒன்று அனுப்பினாள். நாடித்துடிப்பு, நடந்த அடிகள், எல்லாம் அவளுடைய போனுக்கே போய்விடும். தினமும் எட்டாயிரம் அடி நடக்க வேண்டுமாம்.

இருபது நாளாக எட்டாயிரத்துக்குக் குறையவேயில்லை. மகள் பாராட்டினாள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை என் மனைவி கங்கம்மா சுட்ட மசால்வடையைச் சோபாவில் மல்லாந்து தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்னாப்பா பண்றீங்க? நேத்துலேர்ந்து ஹார்ட் தாறுமாறா துடிக்குது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க!"

"எனக்கா? மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் ஓடிட்டு வரட்டுமா? இந்த வாட்செல்லாம் சுத்தப் புளுகுன்னு பேப்பர்லயே சண்டை போட்டுனு கீறாங்க கண்ணு."

"அப்பா, விளையாடாதீங்க. மூச்சு வாங்குதா?"

சிரித்தபடி சமையலறைப் பக்கம் திரும்பினேன். கங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மேகனாவா? நான் நல்லாக்கீறேன்னு சொல்லுங்க" என்று கையசைத்தாள்.

அசைந்த கையில் அந்த வாட்ச். 'உனக்காகவே வாங்கினேன்' என்று இருபது நாள் முன்பு நான் கட்டிவிட்டது.

"கண்ணு," வடையை வைத்துவிட்டு எழுந்தேன். "வாட்ச் பொய் சொல்லலை, நான்தான் சொன்னேன். ஆட்டோவைக் கூப்பிடறேன். இன்னிக்கு உங்கம்மா ஒரு அடிகூட நடக்க வேணாம்."