மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி

"இந்த மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினது யாரு?"

கேமராவும் கையுமாக நின்ற வில்பிரட் சார் கத்தினார். தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர். பிலிம் சுருளில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். அது கல்லூரித் தோட்டத்து அரக்கேரியாவுக்கு என்று வைத்திருந்தார்.

ஊசியிலை மரம். எழுபதடி உயரம். அடுக்கடுக்காய், ஸ்கேல் வைத்து அளந்தாற்போல் கிளைகள். அண்ணாந்து உச்சியைப் பார்த்தால், பதினோரு வருஷமாகப் பார்க்கிறவருக்கும் பேச்சு வராது. வகுப்பில் அவருக்குப் பேச்சு வராமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

அந்த மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி, குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம்!

"இது பசிபிக் தீவு மரம். மாரியாத்தாளை இதுக்குத் தெரியவே தெரியாது! தபீதாள், அதை அவிழ்த்துப் போடும்மா."

சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரி தபீதாள் நகரவில்லை.

"வேணாம் சார். நான்தான் கட்னேன்."

"நீயா? சர்ச்சுக்கு முதல் மணிக்கே வந்து உட்கார்றவ நீ!"

"கோவப்படாம கேளு சார். கிறிஸ்மஸ் வந்தா கிறிஸ்மஸ் மரம் வேணும்னு ஆளுங்க வந்துடறாங்கோ. போன வருசம் அடியில நாலு கிளை பூடுச்சி."

"அது காத்துல ஒடிஞ்சது."

"காத்துக்கு ரம்பம் ஏது சார்? ஒண்ணு உங்க வூட்டு ஹால்லயே நட்சத்திரம் கட்டிகினு நின்னுதே!"

வில்பிரட் கேமராவை இறக்கினார். சவுக்குக் கிளை என்று மனைவி மெட்டில்டா சொன்னதை, தாவரவியல் ஆசிரியர், கிட்டப் போய்ப் பார்க்காமலே நம்பியிருந்தார்.

"சொல்லிப் பாத்தேன், ஒருத்தரும் கேக்கல. மாரியாத்தாளுக்குப் படைச்சதை நம்ம சர்ச்சு ஜனங்க வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க இல்ல? அதான் கட்டிட்டேன். இந்த வருசம் ஒரு ஆள் கிட்ட வரல."

வில்பிரட் அண்ணாந்து பார்த்தார். காற்றில் உச்சி மட்டும் மெல்ல அசைந்தது. வழக்கம்போல் பேச்சு வரவில்லை. வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"துணியோடவே எடுக்கறேன். நீயும் பக்கத்துல நில்லு."

"ஐயோ, நான் வேணாம் சார்! துணிய அவுத்தாத்தான் சர்ச்சுல இராப்போஜன அப்பமும் ரசமும் குடுப்பேன்னு பாஸ்டர் முன்னயே கண்டிசனா சொல்லிட்டாரு."

"அப்ப கிறிஸ்மசுக்கு?"

"இந்த வருசம் எனக்கு இல்ல சார். பண்டிகை முடிஞ்சதும் அவுத்துடறேன், அது வரைக்கும் பொறுத்துக்கன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லிகினேன்."