செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

"ஸ்கூட்டர் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன்பா" என்றான் மகன். சொன்னவன் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. வழக்கம்போல நடந்தே கிளம்பினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் அவன் அப்படித்தான். சட்டையை மாற்றுவான், ஆணியில் தொங்கும் சாவியைப் பையில் போடுவான், செருப்பை மாட்டிக்கொண்டே அதே பேச்சை எடுப்பான்.

"நீங்களும் ஒரு நாள் வாங்களேன்பா."

"சின்னப் பசங்க அரட்டை அடிக்கிற இடத்துல எனக்கென்னடா வேலை?"

"சின்னப் பசங்கன்னு யார் சொன்னா?" சிரித்தபடியே கதவைச் சாத்தினான்.

அன்று திரும்பி வரும்போது மருந்துக் கடை முன்னால் ரோட்டைக் கடந்தவன் மேல் ஒரு வேன் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். மணிபர்ஸ், ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி, ஸ்கூட்டர் சாவி, நாலாக மடித்த ஒரு நோட்டீஸ்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கையில் காகிதம் கிடைத்தால் முழுக்கப் படிக்காமல் விடமாட்டேன். குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் குழு, நூலக மாடி, கடைசி அறை, செவ்வாய், வியாழன், மாலை ஆறரை மணி. கடைசி வரி மட்டும் மடிப்பில் நைந்துபோயிருந்தது. செவ்வாய்க்கு நேராகப் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தான். வியாழனைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆக, இரண்டு நாளில் ஒரு நாள்தான் போயிருக்கிறான். எதையும் அரைகுறையாகத்தான் செய்வான்.

அவன் அறையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டில் மூடிகூடக் கிடைக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவன் குடித்தது என் மூக்குக்கு எட்டவே இல்லையே என்பதுதான் ஆறவில்லை. எதனால் குடித்தான் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. என்னால்தான் என்றால் அதையும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

நாலாவது செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நிற்க வேண்டுமே என்று இரண்டு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டேன். நூலக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஒரு பூந்தொட்டி சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

"குடிகாரங்க கூட்டத்துக்கா? மாடில, கடைசி ரூம்" என்றார் காவலாளி.

"எனக்கில்லப்பா. பையன் விஷயமா வந்தேன்."

"முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார்." மேசை ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அறையில் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். இத்தனை பெண்கள் குடிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. ஒரு வயதான அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நேத்து பாட்டில் எங்க இருந்துச்சு தெரியுமா? வாஷிங் மெஷினுக்குள்ள" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வாஷிங் மெஷினுக்குள் நான் தேடிப் பார்க்கவில்லை.

குட்டை முடி வைத்த பெண் ஒருவர் எழுந்து வந்தார். அவரை எல்லோரும் டீச்சர் என்றார்கள்.

"வாங்க சார். யாருக்காக வந்திருக்கீங்க?"

"என் மகன் இங்க வந்துட்டிருந்தான். உயரமா, கண்ணாடி போட்டிருப்பான்."

ஸ்வெட்டர் அம்மாவின் ஊசி நின்றது. "நெட்டையோட அப்பாவா? இங்க யாரும் பேர் கேக்க மாட்டோம்ங்க, நெட்டைன்னுதான் கூப்பிடுவோம். மூணு வாரமா ஆளையே காணோமே, எங்க அந்தப் பிள்ளை?"

சொன்னேன்.

அந்த அம்மா பின்னிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் முடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டான். வீட்டுக்கு நேரமாச்சு ஆன்ட்டின்னு ஓடினான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றேன். "அவன் எதனால குடிக்க ஆரம்பிச்சான்?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் என் பக்கத்தில், மிகவும் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"எதுல வந்தீங்க சார்?"

"ஸ்கூட்டர்ல."

"சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்ட விதம் எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது. பிறகு என் கையிலிருந்த நோட்டீஸைப் பிரித்து, மகன் போட்டிருந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"செவ்வாக்கிழமை குடிக்கிறவங்க வீட்டாளுங்களுக்கு சார். உங்களுக்கு வியாழன், இதே ரூம், இதே ஆறரை."