மயிலைக் காளை அறிவித்த ஆதரவு

சட்டசபைத் தேர்தல் வந்தது. வயல் பிராணிகள் சங்கம் யாரைக் கைகாட்டுகிறதோ, அவருக்குத்தான் கிராமத்து ஓட்டெல்லாம் விழும். சங்கத் தலைவரான மயிலைக் காளை யோசிக்கவே இல்லை. "நம்ம நீர்நாய்தான்," என்றது.

முன்பு ஓர் ஐப்பசி வெள்ளத்தில் மடை அடைத்துக்கொண்டு பயிரெல்லாம் மூழ்கியது. நீர்நாய்தான் முங்கி முங்கி, மடையில் சிக்கியிருந்த வேர்களைக் கடித்து அறுத்தது. காளை கரையில் நின்று அவற்றைக் கொம்பால் வாரிப் போட்டது. தண்ணீர் வடிந்ததும் இரண்டும் சேறும் சகதியுமாக வரப்பில் விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்பை நினைத்தால் காளைக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஆதரவை அறிவிக்கும் கூட்டத்துக்கு நீர்நாய் வந்தது. காலில் சேறு படாமல் எருமையின் முதுகில் ஏறி வந்தது.

"மடை மறுபடியும் அடைச்சிருக்கு தம்பி. நாத்து அழுகுது. ஒரு எட்டு வந்து பாரேன்," என்றது காளை.

"எந்த மடைண்ணே?"

"நாம ரெண்டு பேரும் அன்னைக்குச் சேத்துல கிடந்து சிரிச்சோமே..."

"அப்படியா? ஜெயிச்சதும் ஆளனுப்பறேன்," என்று நீர்நாய் மாலைக்குக் கழுத்தை நீட்டியது.

கூட்டம் காத்திருந்தது.

"சொல்லுங்க தலைவரே," என்றது எருமை.

காளை மெல்ல எழுந்தது. "அன்னைக்கு வெள்ளத்துல இறங்கின அந்த நீர்நாய்க்கு எங்க சங்கத்தோட ஆதரவு."

எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது நீர்நாய்தான்.